நல்லசிவம் கட்டிவைத்த இடுப்புவலி

ஊசிக்கல்பாளையத்தில் வலிகள் மனிதர்களின் உடம்பைவிட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை எட்டரை மணிக்கு, சந்தைக்கு வந்த தக்காளிக் கூடைகளை ஆட்கள் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோது. முதலில் வந்தது ஒரு முழங்கால் வலி. ஆட்டுக்குட்டி உயரம் இருந்தது, நனைந்த சாக்கின் நிறத்தில் இருந்தது, கண்ணோ காதோ வாயோ இல்லாமல் இருந்தது. இடது பின்னங்காலை மட்டும் இழுத்து இழுத்து வைத்து, தக்காளிக்காரர்களுக்கு நடுவே நடந்து, மேற்குத் தெரு விசைத்தறிக் கூடத்தின் வாசலில் போய் நின்றுகொண்டது. டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவியபடியே அதன் நடையைப் பார்த்துவிட்டு, "நம்ம அர்த்தநாரியோட முட்டிவலியாட்ட இருக்குது" என்றார். சரியாகத்தான் சொன்னார். பதினைந்து வருஷமாக அப்படிக் காலை இழுத்து நடந்த அர்த்தநாரி அந்த நேரத்தில் கூடத்துக்குள்ளே நான்கு தறிகளுக்கு நடுவில் புதுமாப்பிள்ளைபோல ஓடியாடிக்கொண்டிருந்தார்.

சந்தை கலைவதற்குள் அறுபது எழுபது வலிகள் வந்துவிட்டன. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு வந்தவை, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வந்தவை, நாலடி நடந்து மூச்சு வாங்கி மறுபடி நாலடி நடந்து வந்தவை என்று எல்லாம் அவரவர் வாசலைத் தேடிப்போய் நின்றன. தின்னவில்லை, குடிக்கவில்லை, சாணி போடவில்லை, யாரையும் முட்டவில்லை. உள்ளே கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும் மனஸ்தாபமான சொந்தக்காரர்களைப்போல நின்றன, அவ்வளவுதான்.

ஊர் ஒரு வாரம் அதைப் பேசியது. இரண்டாம் வாரம் பழகிக்கொண்டது. தெருவில் திரியும் வலிகளை உரியவர்களே கட்டிவைத்துக்கொள்ள வேண்டும் என்று பேரூராட்சியிலிருந்து ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். டவுன் பஸ் கண்டக்டர், முழங்காலுக்குக் கீழே உயரம் என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம், அதற்குமேல் என்றால் லக்கேஜ் என்று தானாகவே ஒரு சட்டம் போட்டார். கோயிலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் வலிகளைக் கட்ட நீளமாக ஒரு கம்பி அடித்தார்கள். கல்யாணத் தரகர்கள் பெண்வீட்டாரை அழைத்துப் போவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்க்கப் பழகினார்கள். மாப்பிள்ளை வீட்டாரோ அன்றைக்கு மட்டும் தங்கள் வலியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கட்டினார்கள், பக்கத்து வீட்டில் ஏற்கெனவே இரண்டு நின்றன. ஒருவர் தன் முதுகுவலியை லாரியில் ஏற்றிப்போய் கர்நாடக எல்லையில் இறக்கிவிட்டு வந்தார்; அவர் வீட்டுக்கு வந்தபோது அது அவருக்கு முன்னால் வாசலில் நின்றது, கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது.

எதனால் இப்படி என்று கேட்டவர்கள் குறைவு. வலிக்கவில்லை, அது போதும் என்றார்கள்.

எதனால் என்று முதல்நாளே தெரிந்துகொண்டவர் ஊரில் ஒருவர்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த நல்லசிவம். எந்தெந்த வாசலில் வலி நிற்கிறதோ அந்தந்த வாசலுக்குள் இருப்பவர்கள் எல்லாம் தன் கடையில் ஒரே மாத்திரையை வாங்குகிறவர்கள் என்பது, கல்லாவில் உட்கார்ந்து தெருவைப் பார்த்த அரைமணி நேரத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. நடுவில் ஒரு கோடு போட்ட, நீளமான வெள்ளை வலி மாத்திரை. டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே தறி ஓட்டிவிட்டு வருகிறவரிடம் சீட்டு எங்கே என்று கேட்பது மனிதத்தன்மையே இல்லை என்று நல்லசிவம் தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.

தெரிந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் அவர் இல்லை. அவர்தான் ஊசிக்கல்பாளையம் போதைத் தடுப்பு விழிப்புணர்வுக் குழுவின் செயலாளர்.

குரல் எடுப்பாக இருக்கிறது, வெள்ளைச் சட்டை போடுகிறார், மருந்தைப் பற்றித் தெரிந்தவர் என்ற மூன்று காரணங்களுக்காக அவரைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். மாதம் ஒருமுறை பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ மைக் பிடித்து, மண்டையோடு வரைந்த ஒரு தட்டியைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, கடல் கடந்து வரும் வெள்ளைப் பொடி நம் பிள்ளைகளை எப்படி அழிக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசுவார். ஊசிக்கல்பாளையத்துக்கு அந்த வெள்ளைப் பொடி அன்றுவரை வந்ததே இல்லை. வராத பொடியை வரவிடாமல் தடுத்ததற்காக அந்தக் குழுவுக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்தது. நல்லசிவம் அதை மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரியில், அந்த மாத்திரைப் பெட்டிகளுக்கு நேர்மேலே வைத்திருந்தார்.

இருபது வருஷம் கல்லாவில் உட்கார்ந்து அவருக்கும் இடுப்பு போயிருந்தது. அவரும் அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டார். ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒரு இடுப்புவலி, வலதுபக்கம் சரிந்து சரிந்து, மருந்துக்கடையின் மூன்று படிகளையும் பக்கவாட்டில் ஏறிவந்து கல்லாவுக்கு முன்னால் நின்றது. கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். நல்லசிவம் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரோடதுன்னு தெரியலியே" என்றார். அவர்கள் போனதும் அதைத் தள்ளிக்கொண்டுபோய் குடோனில் இருமல் மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நைலான் கயிற்றில் கட்டினார்.

பின்னாளில் இந்தக் கதையை ஊர் ஊராகப் போய்ச் சொல்லும்போது நல்லசிவம் இந்த இடத்தில் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். "சொந்த வலிய யாரோடதுன்னு தெரியலைன்னு சொன்னனுங்க. அதுக்கு மூஞ்சி இருந்திருந்தா அன்னைக்கே என்னப் பாத்துக் காறித் துப்பியிருக்கும்" என்பார்.

நான்காம் நாள் அவர் மனைவி கோகிலா கேட்டார். "ஏனுங்க, குடோனுக்குள்ள என்னத்தக் கட்டி வெச்சிருக்கீங்க?"

"சரக்கு."

"சரக்கு செவுத்தச் சொரண்டுதுங்களே."

"எலியா இருக்கும்."

கோகிலா அதற்குமேல் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷ வாழ்க்கையில், கணவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் அது பொய் என்று அவருக்குத் தெரியும். உண்மை என்றால் முக்கால் மணி நேரம் ஆகும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜெசிந்தா என்று ஒரு நர்ஸ் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். வந்து இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பேச்சு மாறவில்லை. பங்குனி மாதக் குழுக் கூட்டத்தில் மண்டையோட்டுத் தட்டிக்குப் புது வண்ணம் அடிப்பது பற்றிப் பேசி முடித்த பிறகு ஜெசிந்தா எழுந்தார்.

"அண்ணாச்சி, வாசல்ல நிக்கிற வலியெல்லாம் அந்த வெள்ளை வலி மாத்திரையால வெளிய போனதுல்லா? அதப் பத்தி யாரும் பேசலையே."

"மாத்திரை மருந்துங்க சிஸ்டர். போதைங்கறது வேற" என்றார் நல்லசிவம்.

"என்ன வேற? கசகசாச் செடியோட காயைக் கீறினா பால் வடியும்லா, அதுதான் அபின். இந்த மாத்திரை அதுக்குப் பங்காளி முறை. ஆபரேஷன் பண்ணவங்களுக்கும் புற்றுநோய்க்காரங்களுக்கும் டாக்டர் அளந்து கொடுத்தா மருந்து. அட்டை அட்டையா வாங்கி, அது இல்லாம காலைல எந்திரிக்கவே முடியலன்னா அதுக்கு நீங்க என்ன பேரு வைப்பீங்க?"

கூட்டத்துக்கு வந்தவர்களின் காதில் அதில் கசகசா மட்டும்தான் விழுந்தது. மறுநாளிலிருந்து ஊரில் யாரும் குருமாவில் கசகசா அரைத்துவிடவில்லை. மளிகைக்கடைக்காரர் இருந்த கசகசாவை எல்லாம் ஒரு பானையில் போட்டு வாயைக் கட்டிக் கிணற்றடியில் புதைத்தார். குருமாவில் போடும் விதையால் ஒன்றும் ஆகாது என்று ஜெசிந்தா வீடு வீடாகப் போய்ச் சொல்லவேண்டி வந்தது. நல்லசிவமும் கூடவே போய், அதையே இன்னும் நல்ல தமிழில் சொன்னார். மாத்திரை பற்றி எந்த வீட்டிலும் வாய் திறக்கவில்லை.

மேற்குத் தெருவில் பூபதி என்று ஒரு தறிக்காரன். இருபத்தாறு வயது, மனைவி சுகந்தி, நான்கு வயதில் ஒரு பெண்குழந்தை. முதலில் தோள்வலி என்று ஒரு மாத்திரை வாங்கியவன், பிறகு காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்றானான், பிறகு நான்கு, பிறகு ஆறு என்று போய்க்கொண்டே இருந்தான். மற்றவர்களின் வலி ஆடு அளவில் நின்றபோது அவனுடையது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்து, சித்திரையில் கிடாரி அளவு ஆகி, வைகாசியில் எருமை அளவுக்கு வந்து, பால்காரரின் வண்டி சந்துக்குள் திரும்ப முடியாதபடி நின்றது. அக்கம்பக்கத்தார் அதைப் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். அங்கே பிள்ளைகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடினார்கள். பூபதி எப்போதும் சிரித்த முகமாக இருந்தான். யாரும் இல்லாத வீட்டில் விளக்கு மட்டும் எரிவதுபோல அந்தச் சிரிப்பு இருந்தது. ஊடுநூலைக் கொண்டு ஓடும் தறி நாடா தெறித்துக் கைவிரலில் அடித்து நகம் பெயர்ந்தபோதும் அப்படியே சிரித்தான். துணியில் ரத்தம் பட்டதைப் பார்த்து மேஸ்திரிதான் கத்தினார்.

சுகந்தி ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். "அண்ணா, அவருக்கு இனிமே நீங்க அதக் குடுக்காதீங்கண்ணா."

"நான் குடுக்கலீன்னா வேற ஊர்ல போயி வாங்குவாம்மா. நம்மகிட்டன்னா நல்ல கம்பெனி மாத்திரையாவது கிடைக்கும்" என்றார் நல்லசிவம், மிகவும் கனிவாக.

சுகந்தி அந்தக் கேடயத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஆனி மாதத்தில் போதை ஒழிப்பு ஊர்வலம் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு வரிசை, பின்னால் மகளிர் குழு, முன்னால் சட்டையில் 'போதைக்கு எதிராக நான்' என்ற பேட்ஜைக் குத்திக்கொண்டு, கையில் மைக்குடன் நல்லசிவம். காலை வெயிலில் அவர் குரல் பஸ் நிலையத்தைத் தாண்டிக் கேட்டது. ஊர்வலம் சந்தைமுனை திரும்பியபோது எதிரே பூபதியின் வலி வந்தது. எருமை உயரத்தில், ஆனால் எப்போதும்போலத் தோளைத் தொங்கவிட்டுக்கொண்டு வரவில்லை. வலதுபக்க அடிவயிறு இருக்க வேண்டிய இடத்தை உள்ளே இழுத்து, உடம்பை அந்தப் பக்கமாகச் சுருட்டிக்கொண்டு, முனகவும் வாய் இல்லாமல் தள்ளாடி வந்து நல்லசிவத்துக்கு நேர் எதிரே நின்றது.

"யாராச்சும் இத அந்தாண்ட ஓட்டுங்க" என்று நல்லசிவம் மைக்கிலேயே சொன்னார். இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள். ஊர்வலம் நகர்ந்தது. அது பின்பக்கத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து கோயில் முன்னால் மறுபடி குறுக்கே நின்றது. இந்தமுறை நல்லசிவம் பேனர் கட்டியிருந்த மூங்கிலைப் பிடுங்கி அதன் முதுகில் நாலு சாத்து சாத்தினார். அடி வாங்கிக்கொண்டு அது விலகியது. ஊர்வலம் முடிந்து எல்லோரும் மருந்துக்கடைக்கு முன்னால் மோர் குடிக்க வந்தபோது, கடையின் மூன்று படிகளையும் அடைத்துக்கொண்டு, கை முஷ்டியை மூடியதுபோலச் சுருண்டு கிடந்தது.

பிள்ளைகளுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஜெசிந்தா சொம்பை வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குந்தினார்.

"அண்ணாச்சி, இது யாருக்கு உள்ளது?"

"பூபதியோடதுங்க. தோள்வலி."

"தோள்வலி வயித்தப் பிடிச்சிட்டுக் கிடக்குமா? இது வேற வலி. புதுசு. அந்தப் பையன் எங்க?"

நல்லசிவம் அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தார். காலையிலிருந்து அது தன்னிடம்தான் மூன்று தரம் வந்திருக்கிறது என்பதும், பூபதியை எழுப்பித் தன்னைச் சொல்லிக்கொள்ள வழியில்லாமல்தான் அவனைத் தூங்கவைத்தவரைத் தேடி வந்திருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தபோது, கையில் இருந்த மூங்கிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தேசியக்கொடி பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டே மேற்குத் தெருவுக்கு ஓடினார்.

பூபதி பாயில் படுத்திருந்தான். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஜெசிந்தா வயிற்றில் கை வைத்தார், பலகைபோல இருந்தது.

"வலிக்குதா தம்பி?"

"இல்லீங் சிஸ்டர். நல்லா இருக்கறனுங்க" என்று சிரித்தான். பல் எல்லாம் வறண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. பின்னால் அந்த வலியும் ஓடிவந்தது, முப்பத்திரண்டு கிலோமீட்டர், வயிற்றைப் பிடித்துக்கொண்டே. குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். பணியில் இருந்த இளம் டாக்டரம்மா ஒருவர் வெளியே வந்தார்.

"இவர் வலி மாத்திரை சாப்பிடறார் இல்ல? என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை, எவ்வளவு காலமா? சரியாச் சொல்லணும். மயக்கமருந்து கொடுக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும். தப்பாச் சொன்னீங்கன்னா மூச்சு நின்னுடும்."

"ரெண்டோ மூணோ சாப்பிடுவாருங்க" என்றாள் சுகந்தி. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நல்லசிவம் தொண்டையைச் செருமினார். பழக்கத்தில் "பெரியோர்களே" என்று ஆரம்பிக்க வாய் வந்தது. அதை விழுங்கினார்.

"பன்னெண்டுங்க. சில நாளைக்குப் பதினாலு. ஒன்றரை வருஷமா. சீட்டு இல்லாம நாந்தான் குடுத்தேன்." மாத்திரையின் பேரையும் எடையையும் சொன்னார்.

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டவில்லை, திட்டியிருந்தால் நல்லசிவத்துக்கு உதவியாக இருந்திருக்கும்.  சுகந்தி அவர் சட்டையில் இருந்த பேட்ஜை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கழற்றினார். ஆஸ்பத்திரித் தரையில் போட மனம் வராமல், பையில் வைக்கவும் கூச்சப்பட்டு, கைக்குள்ளேயே மூடிக்கொண்டு நின்றார். ஒருமணி நேரம் கழித்து ஒரு ஆயா, "ஐயா, கையில ரத்தம் சொட்டுது" என்றாள். பேட்ஜின் ஊசி உள்ளங்கையில் ஆழமாக இறங்கியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. காலையில் ஊர்வலத்துக்கு முன்னால், வெயிலில் நடக்கவேண்டுமே என்று இரண்டு மாத்திரை போட்டிருந்தார்.

பூபதி பிழைத்தான். மூன்று வாரம் அங்கே இருந்தான். பிறகு அதே ஆஸ்பத்திரியில் மாத்திரைப் பழக்கத்திலிருந்து மீட்கும் பிரிவில் இரண்டு மாதம்.

நல்லசிவம் ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தன் கடையைப் பற்றித் தானே ஒரு புகார்க் கடிதம் எழுதினார். எழுதிப் படித்துப் பார்த்தபோது பாதிக் கடிதம் தன்னுடைய நல்ல குணங்களைப் பற்றி இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். கடைக்கு முப்பது நாள் பூட்டுப் போட்டார்கள். அந்த முப்பது நாளுக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கல்யாண மண்டபத்தில் ஊரைக் கூட்டினார். வீட்டுப்பக்கமாகக் குடோனைத் திறந்து தன் இடுப்புவலியை வெளியே கொண்டுவரப் போனபோது அது கதவுக்குள் அடங்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு நிலையைப் பெயர்க்க வேண்டியிருந்தது. கயிற்றைப் பிடித்து, அதை மண்டபத்துக்குள் நடத்திக்கொண்டு வந்து மேடைக்குப் பக்கத்தில், மண்டையோட்டுத் தட்டி வழக்கமாக நிற்கும் இடத்தில் நிறுத்தினார். அதிர்ச்சிக்காகக் கொஞ்சம் காத்திருந்தார்.

யாரும் அதிரவில்லை. அர்த்தநாரி எழுந்து, "எல்லாருக்குந் தெரியுமுங்க. செவுத்தச் சொரண்டறது பஸ் ஸ்டாண்டு வரைக்குங் கேக்கும். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தோம்" என்றார்.

"கோகிலாவுக்குமா?"

"அவுங்கதான் முதல்ல சொன்னாங்க."

நல்லசிவம் எழுதிவைத்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். "நாந்தான் வித்தேன். நானுந்தான் சாப்பிடறேன். நிறுத்தப் பாத்தேன், முடியல. இனி சிஸ்டர் சொல்றதக் கேளுங்க" என்று உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான், கைதட்டு விழாத ஒரே பேச்சும் அதுதான்.

ஜெசிந்தா பேசினார். ஒரேயடியாக யாரும் நிறுத்திவிடக் கூடாது, உடம்பு தாங்காது, வாந்தியும் நடுக்கமும் வரும், டாக்டர் சொல்கிற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதற்கு வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வருவார், வருகிறவர்களைக் குற்றவாளிபோல யாரும் பார்க்கக் கூடாது என்றார். "இனி வாங்கப் போறவங்க வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும். வலி நம்ம எதிரி இல்ல. அது வீட்டு வாசல்ல நின்னு தட்டுற ஆள். என்னன்னு கேக்காம விரட்டிவிட்டா அடுத்த தடவ வீடு எரியுறதச் சொல்ல ஆள் இருக்காது."

அன்றிலிருந்து குழு செய்த வேலைகளில் எதுவும் ஊர்வலமாக எடுத்துப்போகக்கூடியதாக இல்லை. தறி முதலாளிகளிடம் போய், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் உட்கார விடுங்கள், காலுக்கடியில் ரப்பர் பாய் போடுங்கள் என்று கேட்டார்கள். முதலாளிகள் முடியாது என்றார்கள். மகளிர் குழுவினர் ஊரிலிருந்த வலிகளை எல்லாம் அவிழ்த்து ஓட்டிப்போய்த் தறிக்கூட வாசல்களில் நிறுத்தினார்கள். பாவுநூல் வண்டி உள்ளே போக முடியாமல் இரண்டு நாள் நின்ற பிறகு ரப்பர் பாய் வந்தது, ஸ்டூலும் வந்தது. பக்கத்து ஊர்க் கடைகளுக்குப் போய், சீட்டு இல்லாமல் எங்கள் ஆட்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று கேட்டார்கள். முதலில் விரட்டினார்கள், அந்த ஊர்களின் வாசலிலும் வலிகள் வந்து நிற்க ஆரம்பித்த பிறகு உட்காரவைத்துப் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் நல்லசிவம் மண்டையோட்டை விட்டுவிட்டு அந்த வெள்ளை மாத்திரையின் காலி அட்டையைக் காட்டினார். "இது எங்க வீட்ல இருக்குதுங்க சார்" என்று முதல்நாளே ஒன்பது கைகள் உயர்ந்தன. அவர் அத்தனை வருஷம் பேசியதில் ஒரு கைகூட உயர்ந்ததில்லை.

வலிகள் திரும்பி உள்ளே வந்தது கோபித்துக்கொண்டு போன ஆள் வீட்டுக்கு வருவதுபோல. ஒருநாள் வாசற்படிவரை, ஒருநாள் நடைவரை, பிறகு ஒரு கால், பிறகு இன்னொரு கால். உள்ளே நுழையும் நேரத்தில் உரியவர் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிடுவார், போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, "வருதுங்களா? வரட்டும் வரட்டும்" என்று பிடித்துக்கொள்வார்கள். அர்த்தநாரி மறுபடி காலை இழுத்து நடந்தார். நடந்தே போய்க் காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டார். எல்லாருடையதும் வந்துவிடவில்லை. வடக்குத் தெருவில் இரண்டு வீட்டார் எங்கிருந்தோ இன்னும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் வலிகள் மழையிலும் வெயிலிலும் நின்றன. ஜெசிந்தா அந்த வாசல்களுக்கு வாரம் தவறாமல் போய்வந்தார்.

நல்லசிவத்தின் வலி ஒரு கன்றுக்குட்டி அளவுக்குக் குறைந்திருந்தது. அதற்குமேல் குறையவில்லை. அரை மாத்திரையில் வந்து நின்றுகொண்டு, நாளைக்கு, வெள்ளிக்கிழமைக்கு, தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். ஊருக்கெல்லாம் வரட்டும் வரட்டும் என்று சொன்னவர் தன்னுடையதைக் கடைப்படியில் கட்டிவைத்து, காலையில் ஒருமுறை மாலையில் ஒருமுறை குசலம் மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் ஒருநாள் மதியம் பூபதி கடைக்கு வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாதியாக இளைத்திருந்தான். சிரிப்பு போய்விட்டிருந்தது. மாத்திரை நின்ற பிறகும் அவனுடைய வலி எருமை உயரத்தில் இன்னும் தெருவில் நின்றது, அவன் அதை உள்ளே கூப்பிடவில்லை. வயிற்றுவலி மட்டும்தான் அதிலிருந்து கழன்று தீர்ந்திருந்தது. கல்லாப் பலகைமேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு குடுங்க."

"இல்ல பூபதி."

"கடைசியா ஒண்ணுண்ணா. சுகந்திக்குத் தெரியாது."

"என்கிட்ட இல்ல. இருந்தாலும் தரமாட்டேன். வா, சிஸ்டர்கிட்டப் போலாம்."

பூபதி படியில் கட்டியிருந்த கன்றுக்குட்டியைப் பார்த்தான். "உங்களுது இன்னும் வெளியதான நிக்குது. உங்களுக்கு மட்டும் அரை மாத்திரை இருக்குது, எனக்கு இல்லையா?"

 நல்லசிவம் நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர். கல்லாவைவிட்டு எழுந்து, மேஜை டிராயரில் இருந்த அரை மாத்திரையை எடுத்து, ஜெசிந்தாவிடம் ஒப்படைக்க ஒரு கவரில் போட்டுப் பூபதியின் கண்ணெதிரே ஒட்டினார். ஜெசிந்தா போன வாரமே நிறுத்தச் சொல்லியிருந்தார். பிறகு படிக்கு வந்து கயிற்றை அவிழ்த்தார்.

அது தயங்கவில்லை. ஒன்பது மாதமாகக் காத்திருந்தது அல்லவா, ஒரே எட்டில் உள்ளே வந்தது. நல்லசிவம் கதவைப் பிடித்தார், கதவு கைக்குச் சிக்கவில்லை, படியிலேயே சரிந்து உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து பாதம்வரை யாரோ கம்பியைக் காய்ச்சி இழுத்ததுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அது வலியினால் வந்ததுதான் என்று பின்னாளில் கூட்டங்களில் அவர் அழுத்திச் சொல்வார்; யாரும் நம்புவதில்லை.

பூபதி ஓடிவந்து அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, கடைக்கு முன்னால் இருந்த பெஞ்சில் உட்காரவைத்தான். தானும் பக்கத்தில் உட்கார்ந்தான்.  பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

ஒன்றரை வருஷம் இந்தப் பையன் தினமும் தன் கடைக்கு வந்திருக்கிறான், தினமும் அவனிடம் எத்தனை என்று மட்டும்தான் கேட்டிருக்கிறோம் என்று நல்லசிவத்துக்குத் தோன்றியது. மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை இருந்துவிட்டு, "உனக்கு எங்கடா வலிக்குது?" என்று கேட்டார்.

 பூபதி முதலில் தோள் என்றான். பிறகு, தோள் இல்லை, அப்பா தறியிலேயே விழுந்து செத்த அன்றைக்கும் இரண்டாவது ஷிப்ட் ஓட்டவேண்டி வந்தது, அதிலிருந்து ஆரம்பித்தது என்றான். பிறகு குழந்தையைத் தூக்கினால் கையில் கனம் தெரியவில்லை, தூக்கினேனா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்றான். நல்லசிவத்துக்கு நடுவில் சொல்ல எத்தனையோ இருந்தன; நல்ல நல்ல வாக்கியங்களாக வந்தன. இடுப்பு வலித்ததால் எதையும் சொல்ல முடியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். மருந்து வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுத் தாங்களாகவே தள்ளிப் போனார்கள்.

தெருவில் நின்ற எருமை உயர வலி மெல்ல நகர்ந்து, கடையின் முதல் படியில் முன்னங்காலை வைத்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தாமலேயே பூபதி, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, அதற்கு இடம்விட்டான்.